காட்டைப் படித்த ஜிம் கார்பெட்



நம் பள்ளி ஆண்டு மலரில் ஆண்டுதோறும் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வருகிறோம். புலவர்களையும் அறிவியலாரையும் நாட்டுத் தலைவர்களையும் முன்னர்க் கண்டோம். இவ்வாண்டு காட்டையும் காட்டு விலங்குகளையும் கற்றறிந்த ஒருவரைத் தேர்ந்துகொண்டோம். அதற்குக் காரணம் உண்டு.

ஆண்டின் தொடக்கத்தில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் துருப்பிடித்த கம்பி ஒன்றைக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தான். செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் எல்லையில் அதைக் கண்டெடுத்தானாம். கம்பியின் ஒரு முனையில் சுருக்கு இருந்தது. காட்டுப்பன்றிக்கு வைத்த கண்ணி அது. பன்றிக்காக வைத்த கம்பியால் மற்ற விலங்குகளுக்கு என்ன தீங்கு வந்துவிடும் என்று அவன் கேட்டான். நல்ல வினா. அதற்குரிய விடை, எங்கோ இமயமலை அடிவாரத்தில் பிறந்து, ஆப்பிரிக்காவில் மறைந்த ஒருவரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவரே ஜிம் கார்பெட்.

பிறப்பும் இளமையும்

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் வட இந்தியாவின் குமாவுன் மலைநாட்டில் உள்ள நைனித்தால் நகரில் பிறந்தார். வீட்டார் அவரை ஜிம் என்று அழைத்தனர். அயர்லாந்து வழிவந்த குடும்பம். எனினும் இந்திய மண்ணிலேயே வேரூன்றிவிட்ட குடும்பம். தந்தையார் நைனித்தாலில் அஞ்சல் நிலையத் தலைவராகப் பணியாற்றினார். பிள்ளைகள் பலர். 1881இல், ஜிம்முக்கு ஆறு வயது நிரம்பும் முன்பே, தந்தையார் இறந்துபோனார். அன்னையார் மேரி ஜேன் அம்மையாரே குடும்பத்தைக் காத்து நின்றார்.

கோடைக்காலத்தை நைனித்தால் மலையிலும் குளிர்காலத்தை மலையடிவாரத்துக் காலாதுங்கி என்னும் சிற்றூரிலும் அக்குடும்பம் கழித்தது. காலாதுங்கி வீட்டைச் சுற்றிலும் காடு. அக்காடே சிறுவன் ஜிம்முக்கு இரண்டாம் பள்ளிக்கூடம் ஆயிற்று. முதலில் உண்டிவில்லோடும், பின்னர் வில் அம்போடும், அதன் பின்னர்க் குழல் வெடித்த பழைய துப்பாக்கி ஒன்றோடும் அவன் காட்டில் திரிந்தான். அண்ணன் டாம் துணையாகச் சென்று துப்பாக்கியைக் கவனமாகக் கையாளும் முறையைக் கற்றுக்கொடுத்தார்.

காட்டின் எழுத்தும் சொல்லும்

மாணவர்களே, நீங்கள் முதலாம் ஆண்டில் உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் கற்று, அதன் பின்னரே சொற்களைப் படிக்கத் தொடங்கினீர்கள். ஜிம்மும் அவ்வாறே காட்டைப் படித்தார். காலடித் தடங்களே அவருக்கு எழுத்து. பறவை, விலங்குகளின் குரல்களே அவருக்குச் சொல்.

ஈர மணலில் புலியின் தடம் பதிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது வெறும் குழி. ஜிம்மின் கண்ணுக்கோ அது ஒரு பாடம். ஆண் புலியின் தடம் அகன்று சதுரம் போல் இருக்கும். பெண் புலியின் தடம் குறுகி, விரல்கள் சற்று நீண்டிருக்கும். தடத்தின் மேல் பனித்துளி விழுந்திருந்தால் புலி இரவிலேயே போய்விட்டது என்று பொருள். தடத்தின் குறுக்கே எறும்புகளின் வழி சென்றிருந்தால் அது பழைய தடம். மிதிபட்ட புல் இன்னும் நிமிர்ந்துகொண்டே இருந்தால் புலி அண்மையில்தான் இருக்கிறது! ஒரு காலை அழுத்தாமல் ஊன்றியிருந்தால் அது புண்பட்ட புலி.

குரல்களும் அத்தகையனவே. மரவுச்சியில் இருக்கும் மந்தி முதலில் புலியைக் காண்கிறது, கத்துகிறது. புள்ளிமான் அதைக் கேட்டுத் தானும் குரல் எழுப்புகிறது. கடமான் அடித்தொண்டையில் முழங்குகிறது. இக்குரல்கள் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் நோக்கி நகர்ந்து செல்கின்றன என்று கவனித்தே, கண்ணுக்குத் தெரியாத புலி எவ்வழியே நடந்து போகிறது என்பதை ஜிம் சொல்லிவிடுவார். இரை விலங்கை அறியாதவன் புலியை அறிய இயலாது என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்தார்.

காற்றையும் அவர் பாடமாகக் கற்றார். மனிதனுக்கு மோப்ப ஆற்றல் குறைவு என்பது புலிக்குத் தெரியாது. மானை நெருங்குவது போலவே, தன் மணம் எட்டாதவாறு, காற்று செல்லும் பக்கத்திலிருந்தே அது மனிதனையும் அணுகும். ஆகவே எப்பக்கம் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதைக் காற்றே அவருக்கு உணர்த்தியது. பின்னாளில் பன்முறை அவர் உயிரைக் காத்தது இவ்வறிவே.

உழைப்பாளர் நடுவே

குடும்ப வறுமையால் ஜிம் மேற்படிப்புக்குச் செல்லவில்லை. பதின்வயது முடியும் முன்பே ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் பீகாரில் கங்கைக்கரையில் உள்ள மொகாமே காட் என்னும் இடத்தில் சரக்கு மாற்றும் ஒப்பந்தத்தை ஏற்றார். அகலப் பாதை வண்டிகளில் வரும் மூட்டைகளையும் நிலக்கரியையும் ஆற்றைக் கடத்திக் குறுகிய பாதை வண்டிகளில் ஏற்ற வேண்டும். எல்லாம் மனிதர் தோளாலும் கையாலும் செய்த வேலை. தோட்டத்து உழைப்பை அறிந்த நமக்கு அது எத்தகைய பாடு என்று சொல்ல வேண்டியதில்லை.

தொடக்கத்தில் சில மாதங்கள் வரை கூலிப்பணம் வந்து சேரவில்லை. தொழிலாளர் ஒருவேளை உணவோடு உழைத்தனர். ஜிம்மும் அவர்களோடு பசித்திருந்தார். பணம் வந்தபின் இலாபத்திலும் அவர்களுக்குப் பங்களித்தார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அங்கே அவர் பணியாற்றினார்.

அவ்வூரில் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. நிலைய அதிபர் ராம் சரண் என்பவரோடு சேர்ந்து ஜிம் ஒரு குடிசையில் பள்ளி தொடங்கினார். சாதி வேற்றுமையால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குடிசைக்குள் அமரக் கூடாது என்ற தடை எழுந்தது. உடனே குடிசையின் சுவர்களைக் கழற்றிவிட்டனர். சுவரில்லாத கொட்டகையில் எல்லாரும் அமர்ந்து படித்தனர்! 20 பிள்ளைகளோடு தொடங்கிய அப்பள்ளி வளர்ந்து, அரசே அதனை ஏற்று நடத்தும் நிலையை அடைந்தது. தோட்டப் பள்ளி ஆசிரியராகிய நம்மை இச்செய்தி பெரிதும் நெகிழச் செய்கிறது.

ஆட்கொல்லிகளைத் தேடி

குமாவுன் மலைகளில் அக்காலத்தில் மனிதரைத் தின்னும் புலிகளும் சிறுத்தைகளும் தோன்றின. அவற்றுள் மிகக் கொடியது சம்பாவத் என்னும் ஊர்ப்பக்கம் திரிந்த பெண் புலி. நேப்பாள நாட்டில் ஏறத்தாழ 200 பேரையும், அங்கிருந்து விரட்டப்பட்டுக் குமாவுனுக்கு வந்தபின் 234 பேருக்கு மேலும் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. மொத்தம் 436 உயிர்கள். பயிர் அறுப்பாரில்லை, தண்ணீர் எடுக்க வெளியே வருவாரில்லை. ஊர் முழுவதும் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தது.

1907இல் அரசு ஜிம்மை அழைத்தது. அவர் பரிசு கேட்கவில்லை. மாறாக, புலிக்காக அறிவித்த பரிசுப்பணத்தை நீக்கிவிட வேண்டும் என்றே கேட்டார். பணத்துக்காக வேட்டையாடுபவன் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. பரிசுக்காக அலையும் மற்ற வேட்டைக்காரர்கள் காட்டில் இருப்பதும் ஆபத்து. அதன் பின்னர் ஊர்மக்கள் 298 பேர் மலைமேட்டில் நின்று ஒலி எழுப்ப, ஜிம் அப்புலியைச் சுட்டு வீழ்த்தினார்.

ஊரே மகிழ்ந்த வேளையில், அவர் புலியின் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேற்பல் பாதியாகவும் கீழ்ப்பல் எலும்பு வரையிலும் முறிந்திருந்தன. முன்பு என்றோ ஒருவர் சுட்ட குண்டால் நேர்ந்த ஊனம் அது. கோரைப்பல் இல்லாத புலியால் மானைப் பிடித்துக் கொல்ல இயலாது. பசியால் அது ஓடத் தெரியாத, கொம்பில்லாத எளிய இரையைத் தேடியது. அந்த இரை மனிதன்!

அன்று முதல் ஜிம் தாம் வீழ்த்திய ஆட்கொல்லிகளை ஆராய்ந்து பார்க்கலானார். முக்தேசர் பெண் புலி ஒரு கண்ணை இழந்திருந்தது. முள்ளம்பன்றியின் முட்கள் ஏறத்தாழ 50 அதன் உடலில் தைத்திருந்தன. 1938இல் வீழ்ந்த தாக் பெண் புலியின் உடலில் பழைய குண்டுக்காயங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று புரையோடியிருந்தது. புலி இயல்பாக மனிதனைத் தின்பதில்லை. பத்துப் புலிகளில் ஒன்பது, புண்பட்டதனால் ஆட்கொல்லியாகின்றன. எஞ்சிய ஒன்று முதுமையால் ஆகிறது என்பதே அவர் கண்ட முடிவு. அப்புண்களுட் பல மனிதன் உண்டாக்கியவை. இதுவே அவர் வாழ்க்கையின் தலையாய பாடம்.

கேதாரநாத், பத்ரிநாத் திருத்தலங்களுக்குச் செல்லும் வழியில் ருத்ரபிரயாகைச் சிறுத்தை 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்றது. இரவானால் அடியார் கூட்டம் நடுங்கியது. நஞ்சும் பொறியும் அதனை வெல்ல முடியவில்லை. பல வாரங்கள் பல இரவுகள் மரக்கிளையில் விழித்திருந்து, 1926 மே மாதத்தில் ஜிம் அதனை முடித்தார். குமாவுன், கடுவால் மக்கள் அவரைத் தங்கள் வீட்டுப்பிள்ளையாகவே போற்றினர்.

துப்பாக்கியிலிருந்து நிழற்படக் கருவிக்கு

உண்மையை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. ஜிம் கார்பெட் ஆட்கொல்லிகளை மட்டுமல்லாமல், அக்காலத்து வழக்கப்படி விளையாட்டுக்காகவும் வேட்டையாடியவரே. ஆனால் தவற்றை உணர்ந்து திருந்தும் பெருமையும் அவரிடம் இருந்தது. பிரெடரிக் சாம்பியன் என்ற வன அதிகாரி, விலங்கு தானே கம்பியை மிதித்துத் தன்னைப் படம்பிடித்துக்கொள்ளுமாறு இரவில் கருவி அமைத்து, 1920களில் புலிகளை நிழற்படம் எடுத்தார். அதைக் கண்ட ஜிம்முக்கும் அவ்வார்வம் பிறந்தது. சுடப்பட்ட புலியின் தோல் நாளடைவில் மங்கிவிடும். படமோ நிலைத்திருக்கும், புலியும் உயிரோடிருக்கும் என்று அவர் எண்ணினார்.

திரைப்படக் கருவியின் ஓசையைக் கேட்டுப் புலிகள் ஓடிப்போயின. ஜிம் சளைக்கவில்லை. சிற்றோடையில் கல்லடுக்கி நீர் சலசலக்கச் செய்தார். அவ்வோசையில் கருவியின் ஓசை மறைந்தது. பல்லாண்டு முயற்சிக்குப்பின், பல புலிகள் ஒருசேர நடமாடும் காட்சியைப் படம்பிடித்தார்.

காடுகள் சுருங்குவதையும் மான் கூட்டம் குறைவதையும் கண்டு அவர் கவலையுற்றார். பள்ளி மாணவர்களிடம் சென்று விலங்குகளின் குரலை எழுப்பிக் காட்டிச் சொற்பொழிவாற்றினார். வளர்ந்த புலி ஒன்றுக்கு வாரத்துக்கு ஒரு மானளவு இரை வேண்டும். மானுக்குப் புல் வேண்டும்; புல்லுக்கும் நீருக்கும் காடு வேண்டும். ஆகவே புலியைக் காப்பது என்பது காடு முழுவதையும் காப்பதேயாகும். இக்கருத்து கொண்டோர் முயற்சியால், 1936 ஆகஸ்ட் 8ஆம் நாள் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாவுன் மலையடிவாரத்தில் அமைந்தது. முன்னாள் ஆளுநர் ஹெய்லியின் பெயர் அதற்கு இடப்பட்டது. அதன் எல்லையை வகுப்பதில் ஜிம் துணைநின்றார்.

அக்காலத்திலேயே நம் நாட்டிலும் ஒருவர் இவ்வாறு உழைத்தார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். வேட்டைக்காரராக வாழ்வைத் தொடங்கிய தியோடர் ஹப்பேக் என்பவர் பின்னர் விலங்குக் காவலராக மாறி, குனோங் தகான் மலைப்பகுதியைக் காக்கப் போராடினார். இன்றைய தாமான் நெகாரா அவ்வுழைப்பின் பயனே. ஈப்போ ரயில் நிலையத்தைக் கண்டு வியக்காத மாணவர் இல்லை. அதனை வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹப்பேக் இவருடைய தமையனார் ஆவார்.

ஊரைக் காத்த மதில்

காலாதுங்கிக்கு அருகில் சோட்டி ஹல்துவானி என்னும் சிற்றூரை ஜிம் விலைக்கு வாங்கிக் குடியானவரைக் குடியேற்றியிருந்தார். காட்டுப்பன்றியும் மானும் இரவில் இறங்கிப் பயிரை அழித்தன. நம் தோட்டத்து மக்கள் கிழங்கும் வாழையும் நட்டுப் படும் அதே துன்பந்தான்! அதற்காக ஊரைச் சுற்றிலும் கல்மதில் எழுப்பினார்கள். மிகுந்த உழைப்பு வேண்டிய வேலை. ஆனால் மதில் பயிரைக் காத்தது, காட்டையும் கெடுக்கவில்லை. அம்மதிலின் பகுதிகள் பல்லாண்டு கடந்தும் நிலைத்து நின்றன.

இறுதிக்காலம்

இரண்டாம் உலகப்போரின்போது, முதுமையிலும், படைவீரர்களுக்குக் காட்டில் உயிர்வாழும் முறையை ஜிம் பயிற்றுவித்தார். 1944இல் குமாவுன் ஆட்கொல்லிகளைப் பற்றிய அவரது நூல் வெளிவந்து உலகப்புகழ் பெற்றது. 1947 நவம்பரில் தமக்கை மேகியோடு இந்தியாவை விட்டு ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டுக்குச் சென்றார். இருவரும் மணம் செய்துகொள்ளாதவர்கள். 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் கென்யாவில் மரத்தின் மேல் கட்டிய விடுதியில் தங்கியபோது ஜிம்மும் உடனிருந்தார். இளவரசியாக மரமேறியவர் அரசியாக இறங்கினார். அவ்விரவில்தான் அவருடைய தந்தையார் ஆறாம் ஜார்ஜ் மன்னர் மறைந்தார்.

ஜிம் கார்பெட் 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் கென்யாவின் நியேரி நகரில் இயற்கை எய்தினார். அவர் மறைந்தபின் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அவர் பெயரைப் பெற்றது. 1973 ஏப்ரல் முதல் நாள் இந்தியாவின் புலிகள் காப்புத் திட்டம் அப்பூங்காவிலேயே தொடங்கியது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியப் புலிகள் 3,000க்கும் மேற்பட்டிருந்தன.

நம் மலையும் நம் புலியும்

மாணவச் செல்வங்களே, ஜிம் கார்பெட்டின் பெயர் நம் நாட்டுப் புலியோடும் ஒட்டியிருந்தது என்பதை அறிவீர்களா? 1968இல் இந்தோசீனப் பகுதியின் புலிக்கு அறிவியலார் கார்பெட்டின் பெயரைச் சூட்டினர். நம் தீபகற்பத்துப் புலியும் அவ்வினமாகவே எண்ணப்பட்டு வந்தது. 2004இல்தான் மலாயாப் புலி தனி இனப்பிரிவு என்று பிரித்துரைக்கப்பட்டது.

நம் நாட்டுச் சின்னத்தின் இருபுறமும் புலிகள் நிற்கின்றன. 1950களில் நம் காடுகளில் 3,000 புலிகள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டனர். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்போ, 150க்கும் குறைவாகவே அவை எஞ்சியுள்ளன என்று கூறிற்று. அக்கணக்கு எப்படி எடுக்கப்பட்டது? காட்டுப்பாதைகளின் ஓரத்தில் மரங்களில் தானியங்கி நிழற்படக் கருவிகளைக் கட்டினர். எதிரே ஓர் உயிர் நடந்தால் கருவி தானே படம் எடுக்கும். நம் கைரேகை போல ஒரு புலியின் வரிகள் மற்றொரு புலிக்கு இரா. ஆகவே வரியைக் கொண்டே புலியை எண்ணலாம். கடமான், குரைக்கும் மான், காட்டுப்பன்றி ஆகிய இரை விலங்குகளும் அதே கருவிகளில் பதிவாகின்றன. அன்று சாம்பியனும் ஜிம்மும் செய்த பணியின் தொடர்ச்சியே இது.

சுங்காய்க்குக் கிழக்கே, காலை வேளையில் பனிமூட்டத்தோடு தெரிகிறதே, தித்திவங்சா மலைத்தொடர். அது எஞ்சியுள்ள புலிகளின் பெரும்புகலிடங்களுள் ஒன்று. நம் முன்னோர் அம்மலையடிவாரத்துக் காட்டை அழித்துப் பால்மரம் நட்டனர். வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்தனர். அவர்களை நாம் குறைகூற மாட்டோம். இன்று எஞ்சியிருப்பதை எப்படி நடத்துவது என்பதே நம் கையில் உள்ளது.

இனி அம்மாணவனின் வினாவுக்கு வருவோம். கம்பிக்குப் பன்றி என்றும் புலி என்றும் வேற்றுமை தெரியாது. பன்றி நடக்கும் வழியில்தான் பன்றியைத் தேடும் புலியும் நடக்கிறது. 2009இல் நம் பேராக் மாநிலத்தின் பெலும், தெமெங்கோர் காட்டுப்பகுதியில் இளம்புலி ஒன்று கம்பிக் கண்ணியில் சிக்கியது. மீட்டெடுத்து மருத்துவம் செய்தும், காலை வெட்டி எடுத்தும், அது பிழைக்கவில்லை. கண்ணியை அறுத்துக்கொண்டு ஓடிவிடும் புலியின் கதி என்ன? கால் ஊனமான புலி மானைப் பிடிக்க இயலாது. பசியோடு மனிதர் நடமாடும் பக்கம் வரும். வைகறையில் பால்வெட்டுக்கும் பழம் அறுக்கவும் போகிறவர் யார்? நாமே அன்றோ! உடைந்த பல்லைக் கண்டு ஜிம் கார்பெட் 1907இல் உணர்ந்த உண்மை, இத்துருப்பிடித்த கம்பியிலும் அடங்கியிருக்கிறது.

பெற்றோர்களே! பயிரைக் காக்க வேலி போடுங்கள், அது அறம். கண்ணி வேண்டா. 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் கண்ணியைத் தடைசெய்கிறது. எங்கேனும் கண்ணியைக் கண்டால் வனவிலங்குத் துறைக்குத் தெரிவியுங்கள். சிறுவர்கள் தனியே காட்டெல்லைக்குச் செல்லுதல் கூடாது.

அந்தக் கம்பி நம் பள்ளி அறிவியல் மூலையில், புலித்தடத்தின் படத்துக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கிறது. அதனைக் காணும் மாணவர் ஒவ்வொருவரும் ஜிம் கார்பெட்டைப் போலக் காட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நம் விழைவு. நம் பேரப்பிள்ளைகளும் தித்திவங்சா மலையை நோக்கி, அங்கே புலி உண்டு என்று பெருமையோடு சொல்லும் நாள் வருவதாக!